ஒண்ணுமே இல்லாததுக்கு என்ன கலர்?

"தம்பி, பின்னாடி ஒண்ணுமே இருக்காதுன்னு சொன்னீய. கருப்பால்லா இருக்கு?"

போன வாரம் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி போன்ல கேட்டது இது. அன்னைலேருந்து மண்டைக்குள்ள இதே ஓட்டம்தான்.

விஷயம் இதான். அண்ணாச்சிக்குக் கடைப் பேரை எழுதி ஒரு லோகோ செஞ்சு குடுத்தேன். கருப்பு எழுத்து, பக்கத்துல சின்னதா ஒரு செம்புக் குடம். பை, பில்லு, போர்டுன்னு எங்க வேணாலும் ஒட்டிக்கலாமேன்னு பின்னணியே இல்லாத பிஎன்ஜி ஃபைலா அனுப்பினேன். போற வழியில போன் ஆப் அதை ஜேபெக்கா மாத்திருச்சு. ஜேபெக்ல "இந்த இடத்துல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்ல வழியே கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏதாவது ஒரு கலர் இருந்தே ஆகணும். அதனால இல்லாத பின்னணி பூராவும் கருப்பாயிருச்சு. கருப்பு மேல கருப்பு எழுத்து! அண்ணாச்சி கண்ணுக்குத் தெரிஞ்சது இருட்டுல தொங்குற ஒரு குடம் மட்டும்தான்.

டாகுமெண்ட்டா மறுபடி அனுப்பினதும் சரியாயிருச்சு. அண்ணாச்சியும் சந்தோஷமா போனை வச்சுட்டார்.

ஆனா கேள்வி போகல. ஒண்ணும் இல்லாதது ஏன் கருப்பா இருக்கணும்? வெள்ளையா இருந்தா என்ன? அதுக்குன்னு ஒரு கலர் இருக்குன்னு மனசால நினைச்சாவது பாக்க முடியுமா?

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல கேட்டேன். அம்மா "இருட்டுதான், வேற என்ன"ன்னாங்க. மனைவி கொஞ்சம் யோசிச்சு "கண்ணாடி மாதிரி இருக்கும்"னா. ஏழாப்பு படிக்கிற பொண்ணு தோசையை மென்னுகிட்டே சொன்னா:

"கட்டம் கட்டமா இருக்கும்பா. வெள்ளையும் சாம்பலும்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! (என் கம்ப்யூட்டர் பக்கத்துலயே உக்காந்து வளந்த பொண்ணு. போட்டோஷாப்புல பின்னணியை அழிச்சா தெரியுமே, அந்தச் சதுரங்கக் கட்டம், அதைத்தான் சொல்றா.) மூணு பதில்ல அவ பதில்தான் ரொம்ப நேர்மையானதுன்னு எனக்குத் தோணுது. ஏன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல என் தொழில்லேருந்தே ஆரம்பிக்கிறேன்.

கம்ப்யூட்டர்ல ஒரு புள்ளின்னா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர். 1970-கள் கடைசியில நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில வேலை பாத்த ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் நாலாவதா ஒரு நம்பரைச் சேத்தாங்க. ஆல்ஃபா. இந்தப் புள்ளி எவ்வளவு "இருக்கு"ங்கறதைச் சொல்ற நம்பர். 255-ன்னா முழுசா இருக்கு, 0-ன்னா இல்லவே இல்ல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஆல்ஃபா 0 ஆனாலும் மத்த மூணு நம்பர் எங்கயும் போறதில்ல. இல்லாத புள்ளிக்குள்ளயும் ஒரு கலர் உக்காந்திருக்கும். இல்லாத சிவப்பு, இல்லாத மஞ்சள், இல்லாத வெள்ளை. கணக்குப் போட்டா 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 விதமான "ஒண்ணுமில்ல" ஒரு சாதாரண பிஎன்ஜி ஃபைலுக்குள்ள சாத்தியம். வெளியில பாத்தா எல்லாம் ஒண்ணுதான். எதுவும் தெரியாது.

சும்மா சொல்றதுக்கு நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க, இதனால தினம் அடி வாங்குற ஆளு நான். கல்யாண ஃப்ளெக்ஸுக்கு மாப்பிள்ளை படத்தை வெள்ளைச் சுவத்துலேருந்து வெட்டி எடுத்து மெரூன் பின்னணியில வைப்போம். முடியைச் சுத்தி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு ஓடும் பாருங்க. அது எங்கேருந்து வருது? அழிச்ச புள்ளிக்குள்ள பழைய சுவரோட வெள்ளை அப்படியே கிடக்கு. படத்தைச் சின்னது பெருசு பண்ணும்போது பக்கத்துப் புள்ளிகளோட கலந்து அது எட்டிப் பாக்குது.

1984-ல தாமஸ் போர்ட்டர், டாம் டஃப்னு ரெண்டு பேர் (லூகாஸ்ஃபிலிம்ல வேலை பாத்தவங்க) இதுக்கு ஒரு நல்ல கணக்கை எழுதி வச்சாங்க. கலர் நம்பரை ஆல்ஃபாவால முன்கூட்டியே பெருக்கி வச்சிரு. அவ்வளவுதான். ஆல்ஃபா பூஜ்யம்னா பெருக்கினதும் எல்லாமே பூஜ்யம். ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் ஒண்ணுமில்லங்களும் ஒரே ஒண்ணுமில்லயா ஆயிரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது.

சரி, அந்த ஒரே ஒண்ணுமில்லக்கு நம்பர் என்ன? 0, 0, 0, 0. முதல் மூணு பூஜ்யத்தை மட்டும் பாத்தா அது கருப்போட நம்பர். வெப் பேஜ் எழுதுறவங்க "ட்ரான்ஸ்பரன்ட்"னு ஒரு வார்த்தை போடுவாங்களே, அதுக்கும் சிஎஸ்எஸ்ல இதே நாலு பூஜ்யம்தான் விளக்கம். அதனாலதான் அந்த ஆப் ஆல்ஃபாவைத் தூக்கி எறிஞ்சதும் அண்ணாச்சி போன்ல கருப்பு வந்து நின்னுச்சு.

அப்ப ஒண்ணுமில்லாததோட கலர் கருப்புதானேன்னு கேப்பீங்க.

அங்கதான் பிரஸ்காரன் குறுக்க வருவான். அச்சடிக்கிறதுக்கு நாங்க வேற நாலு நம்பர் வச்சிருக்கோம். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மை. அதுலயும் 0, 0, 0, 0 போடலாம். போட்டா என்ன வரும்? வெள்ளை! மையே விழாத இடம், அதனால பேப்பர் தெரியுது. அதே நாலு பூஜ்யத்தைக் காக்கிப் பையில அடிச்சா காக்கி. மஞ்சப் பையில அடிச்சா மஞ்சள்.

ஆக, ஸ்க்ரீன்ல இருக்கிற கருப்பு ஒண்ணுமில்லாததோட கலர் இல்ல. எரியாத ஸ்க்ரீனோட கலர். பேப்பர்ல இருக்கிற வெள்ளை பேப்பரோட கலர். ஒண்ணும் இல்லன்னு சொன்ன உடனே பின்னாடி எது நிக்குதோ அது தன் முகத்தைக் காட்டுது. கட்டம் போட்டுக் காட்டுறவங்க இந்த வம்பே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. உலகத்துல இயற்கையா எந்தப் பொருளுக்குப் பின்னாடியும் அப்படி ஒரு சாம்பல் வெள்ளைக் கட்டம் இருக்காது. "இது கலர் இல்ல, இங்க கலர் இல்லங்கற அடையாளம்"னு பாத்த உடனே தெரியுது. பொண்ணு பதில் நேர்மையானதுன்னு நான் சொன்னது அதுக்குத்தான்.

அம்மா சொன்ன இருட்டுக்கு வருவோம்.

இருட்டுன்னா கருப்புன்னு நாம எல்லாரும் நம்புறோம். ஒரு தடவ நல்லா சோதிச்சுப் பாத்தா நம்பிக்கை ஆட்டம் கண்டுரும். எங்க வீட்டுல ஜன்னலே இல்லாத ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு. கதவிடுக்குல துணியை அடைச்சு, ஸ்விட்ச்ல எரியுற சின்னச் சிவப்பு விளக்குக்கு மேல கருப்பு டேப் ஒட்டி, உள்ள ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். (அம்மா வெளியிலேருந்து "கரண்டு போகலியே, உள்ள என்னடா பண்ற"ன்னு கேட்டுகிட்டே இருந்தாங்க.) கொஞ்ச நேரத்துல தெரியும், கருப்பே இல்ல. மங்கலா ஒரு சாம்பல். அதுக்குள்ள பொடிப் பொடியா ஏதோ கொதிச்சுகிட்டே இருக்கு.

இதுக்கு ஜெர்மன்காரங்க ஐகன்கிராவ்னு பேர் வச்சிருக்காங்க. காரணம் நம்ம கண்ணுதான். விழித்திரையில மங்கல் வெளிச்சத்துக்குன்னே ஒவ்வொரு கண்ணுலயும் சுமார் 10 கோடி கோல் செல்கள் இருக்கு. அதுக்குள்ள ரோடாப்சின்னு ஒரு மூலக்கூறு. ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாக்கூட அது வடிவம் மாறி சிக்னல் அனுப்பும். அவ்வளவு கூர்மை! நியூயார்க்கில ஹெக்ட், ஷ்லேர், பிரென்னு மூணு பேர் 1942-ல அளந்து சொன்னாங்க. மொத்தமா 5-லேருந்து 14 ஒளித்துகள் கோல் செல்கள்ல சேந்தாலே மனுஷன் "ஏதோ தெரிஞ்சுச்சு"ன்னு சொல்லிருவான்.

இந்தக் கூர்மைக்கு நாம ஒரு விலை குடுக்கிறோம். உடம்புச் சூட்டுல அந்த மூலக்கூறு எப்பவாவது தானாவே வடிவம் மாறிரும். வெளிச்சமே வந்திருக்காது, ஆனா வந்துச்சுன்னு சிக்னல் போயிரும். ஒரு செல்லுல சில நிமிஷத்துக்கு ஒரு தடவதான் இது நடக்கும். ஆனா 10 கோடி செல் இருக்கே! நொடிக்கு லட்சக்கணக்குல பொய் சிக்னல். ஹொரேஸ் பார்லோங்கற இங்கிலாந்து விஞ்ஞானி, கண்ணோட எல்லையைத் தீர்மானிக்கிறதே இந்த உள் இரைச்சல்தான்னு 1956-ல எழுதினார். அதாவது உயிரோட இருக்கிற கண்ணால முழு இருட்டைப் பாக்கவே முடியாது. ஒண்ணுமே இல்லாத ரூம்ல கூட அது தன்னையே பாத்துகிட்டு இருக்கு.

அப்ப நிஜமான கருப்பை எங்க பாக்குறோம்? வெளிச்சத்துக்குப் பக்கத்துல!

சினிமா தியேட்டரை யோசிச்சுப் பாருங்க. ஸ்க்ரீன் என்ன கலர்? வெள்ளை. ப்ரொஜெக்டரால கருப்பு வெளிச்சம் அடிக்க முடியாது (அப்படி ஒண்ணு கிடையாது). ரஜினி கருப்புச் சட்டை போட்டுகிட்டு வந்தா அந்தச் சட்டை இருக்கிற இடத்துல வெளிச்சம் ரொம்பக் கம்மி. அங்க இருக்கிறது வெள்ளைத் துணிதான். சுத்தி மத்த இடமெல்லாம் பிரகாசமா இருக்கிறதால அந்த வெள்ளைத் துணி நமக்கு அட்டைக் கருப்பாத் தெரியுது. பழைய பிக்சர் ட்யூப் டிவியும் இப்படித்தான். அணைச்சு வச்சா கண்ணாடி சாம்பலாத்தான் இருக்கும், அதைவிடக் கருப்பா எந்தப் படத்தையும் அதால காட்ட முடியாது. ஆனா படம் ஓடும்போது ஹீரோயின் முடி மைக் கருப்பு!

அதனால நான் அடிச்சுச் சொல்றேன். கருப்புங்கறது ஒரு முழுமையான, உருப்படியான கலர். அதைப் பாக்கறதுக்கு வெளிச்சம் வேணும், பக்கத்துல ஒரு பொருள் வேணும், வேலை செய்ற ஒரு கண்ணு வேணும். ஒண்ணுமில்லாததுக்குப் போயி அந்தக் கலரை எப்படிக் குடுக்கறது?

இதுக்கு ஒரு சம்பவம் இருக்கு. அனிஷ் கபூர், மும்பையில பொறந்து லண்டன்ல வாழற பெரிய சிற்பி. 1992-ல அவர் செஞ்ச ஒரு வேலை, ஒரு ரூம், தரையில வட்டமா ஒரு பள்ளம், உள்பக்கம் பூரா வெளிச்சத்தைத் தின்னுற கருப்பு. வெறுமையை எட்டிப் பாக்குற உணர்வு வரணும்னு செஞ்சது. 2018-ல போர்ச்சுகல்ல போர்ட்டோ நகரத்து மியூசியத்துல இதை வச்சிருந்தப்ப ஒருத்தர் உள்ள விழுந்துட்டார். ரெண்டரை மீட்டர் பள்ளம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், பாவம். கவனிங்க, அந்த இடம் பாக்கறவங்களுக்குப் பள்ளமாவே தெரியாது. தரையில பூசின ஒரு கருப்பு வட்டமாத்தான் தெரியும். வெளிச்சத்தை மொத்தமா எடுத்துட்டா கண்ணு அங்க ஒண்ணுமில்லாததைப் பாக்கறதில்ல. ஒரு பொருளைப் பாக்குது, பெயிண்ட்டைப் பாக்குது.

ஓவியக்காரங்க இதோட ரொம்ப நாளா மல்லுக்கட்டுறாங்க. இங்கிலாந்து டாக்டர் ராபர்ட் ஃப்ளட் 1617-ல போட்ட புத்தகத்துல, உலகம் உண்டாகறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு காட்ட ஒரு கருப்புச் சதுரம் அச்சடிச்சார். நாலு ஓரத்துலயும் இது முடிவில்லாம போகுதுன்னு குறிப்பு வேற. 1958-ல பாரிஸ்ல ஈவ் க்ளைன் ஒரு கேலரியைக் காலி பண்ணி, சுவருக்கெல்லாம் வெள்ளையடிச்சு, "இதான் வெறுமை"ன்னு திறந்து விட்டார். பாக்க ஆயிரக்கணக்குல கூட்டம். ஒருத்தருக்குக் கருப்பு, ஒருத்தருக்கு வெள்ளை. மறுபடியும் ஸ்க்ரீன் சண்டை, பேப்பர் சண்டைதான்.

இப்ப நான் ரொம்ப ஆசையா செஞ்ச ஒரு சோதனை.

டேபிள் டென்னிஸ் பந்தை ரெண்டு பாதியா வெட்டி, ஓரத்துல பஞ்சு ஒட்டி, ரெண்டு கண்ணு மேலயும் கவுத்து வச்சுக்கணும். (பிளேடால வெட்டாதீங்க, வெடிச்சுரும். கத்தரிக்கோலால மெதுவா வெட்டணும். ஓரம் கண்ணுல குத்தாம பாத்துக்கோங்க.) அப்புறம் ஒரு சிவப்பு பல்பைப் போட்டுகிட்டு கண்ணைத் திறந்து மல்லாக்கப் படுக்கணும். ஓரம், கோடு, நிழல், எதுவும் கிடையாது. பாக்கற இடமெல்லாம் ஒரே சிவப்பு.

கொஞ்ச நேரத்துல சிவப்பு வெளுக்க ஆரம்பிச்சுச்சு. பல்பு அணைஞ்சிருச்சான்னு பொண்ணைக் கேட்டேன். "இல்லப்பா, ரூமே ரத்தக் கலர்ல இருக்கு"ன்னா. எனக்கோ சாம்பல் மூடுபனி. இன்னும் கொஞ்சம் போனா, கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னே நிச்சயமாத் தெரியல.

இது என் கண்ணுக்கு மட்டும் நடந்ததில்ல. 1951-ல ஹாக்பர்க்குங்கற ஆராய்ச்சியாளரும் அவரோட சகாக்களும் இதே மாதிரி பாதிப் பந்தை வச்சு சோதிச்சாங்க. பெரும்பாலானவங்களுக்குக் கலர் மொத்தமா மறைஞ்சுச்சு. கண்ணும் மூளையும் வித்தியாசத்தைத்தான் கவனிக்குது. ஒரே கலர் மாறாம நின்னா "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு விட்டுருது.

கவனிச்சீங்களா? இருட்டு ரூம்ல சாம்பல். பந்துக்குள்ள சாம்பல். எவால்ட் ஹெரிங்னு ஒருத்தர் 19-ம் நூற்றாண்டுலயே இதுக்கு வழி காட்டிட்டார். நம்ம கண்ணு சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெள்ளையா கருப்பான்னு மூணு ஜோடி எதிரெதிரா வச்சு அளக்குதுன்னார். மூணும் எந்தப் பக்கமும் சாயாம நடுவுல நின்னா வர்றது சாம்பல். காலித் தராசு முள்ளு மாதிரி. அதனால யாராவது என் கழுத்தைப் பிடிச்சு "ஒரு கலரைச் சொல்லியே ஆகணும்"னு கேட்டா, சாம்பல்னுதான் சொல்லுவேன். கருப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது கண்ணோட பூஜ்யம். கண்ணு இல்லாத இடத்துக்கு அது பொருந்தாது.

அப்ப கண்ணு இல்லாத இடம் எப்படி இருக்கும்?

இதுக்குச் செலவே இல்லாத சோதனை ஒண்ணு. ரெண்டு கண்ணையும் மூடுங்க. இருட்டு தெரியுது. சரி. இப்ப ஒரு கண்ணை மட்டும் திறங்க. மூடியிருக்கிற கண்ணுல என்ன தெரியுது? பாதி உலகம் கருப்பா இருக்கா? இல்ல! அந்தக் கண்ணே காணாமப் போயிருச்சு. கருப்பும் இல்ல, சாம்பலும் இல்ல.

இன்னொண்ணு. இப்ப உங்க தலைக்குப் பின்னாடி என்ன கலர் தெரியுது? நாம ஒரே சமயத்துல பக்கவாட்டுல சுமார் 200 டிகிரி பாக்குறோம். மிச்சம் 160 டிகிரி? அங்க கருப்புத் திரை தொங்குதா? பார்வை எங்க முடியுதுன்னு அந்த ஓரத்தைப் பிடிக்கப் பாருங்க. சிக்காது. பொறவியிலேயே பார்வை இல்லாதவங்ககிட்ட "கருப்பா தெரியுமா"ன்னு கேக்குறவங்க நிறைய. கருப்புன்னா என்னன்னே அவங்க பாத்ததில்லயே. உங்க முழங்கையால என்ன கலர் தெரியுதோ, அதுதான் அதுக்குப் பதில்.

டேனியல் டென்னெட்னு ஒரு அமெரிக்கத் தத்துவக்காரர் 1991-ல எழுதின ஒரு புத்தகத்துல இதை அழகாப் பிரிச்சுக் காட்டுறார். ஒரு இடத்தைப் பத்தித் தகவலே வராம இருக்கறது வேற, "அந்த இடத்துல ஒண்ணும் இல்ல"ன்னு தகவல் வர்றது வேற. கருப்பு ரெண்டாவது ரகம். தலைக்குப் பின்னாடி இருக்கிறது முதல் ரகம். எனக்கு இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சதும் பாதிக் குழப்பம் தீந்துருச்சு.

நம்ம ஊர்ப் பக்கத்து தர்க்கக்காரங்க இதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே இதே விஷயத்துக்குக் கட்டிப் புரண்டிருக்காங்க. மீமாம்சைங்கற தத்துவ மரபுல குமாரிலர் வழி வந்தவங்க, இருட்டுங்கறது ஒரு பொருள்னு வாதாடினாங்க. அதுக்குக் கருநீல நிறம் இருக்கு, அசைஞ்சு போகுது, நிறமும் அசைவும் இருந்தா அது பொருள்தானேன்னு கேட்டாங்க. நியாயம்ங்கற இன்னொரு மரபுக்காரங்க விடல. விளக்கோட ஆள் நகந்தா நிழல் நகர்ற மாதிரி தெரியுது, இருட்டுன்னு தனியா ஒண்ணும் கிடையாது, வெளிச்சம் இல்லாததுதான் இருட்டுன்னாங்க. ரெண்டு கட்சியும் விடிய விடிய வாதாடறதை நேர்ல கேக்க எனக்கு அவ்வளவு ஆசை! ஆதிசங்கரர் இன்னொரு இடத்துல ஆகாயத்தை உதாரணமா எடுக்கிறார். கண்ணுக்கே தட்டுப்படாத ஆகாயத்துல சின்னப் பிள்ளைங்க தளத்தையும் அழுக்கையும் ஏத்தி வச்சுப் பாக்குறாங்கன்னு. நிறம் இல்லாத ஒண்ணுக்கு நாமளா ஒரு நிறத்தைப் பூசிடுறோம். போட்டோஷாப் வர்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி!

சிதம்பரத்தை விட்டுட்டு இதைப் பேசவே முடியாது. நடராஜருக்குப் பக்கத்துல ரகசியம் இருக்கிற இடத்துல திரை போட்டிருப்பாங்க. வெளிப்பக்கம் கருப்பு, உள்பக்கம் சிவப்பு. திரையை விலக்கினா சிலை கிடையாது, படம் கிடையாது. வெட்டவெளிக்கு முன்னாடி தங்க வில்வ மாலைகள் தொங்கும். அவ்வளவுதான். சின்ன வயசுல பாத்தப்ப எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு. இப்ப பாத்தா, வெறுமையை எப்படிக் காட்டறதுங்கற சிக்கலுக்கு இதைவிட நல்ல விடை எந்த மியூசியத்துலயும் இல்லன்னு நினைக்கிறேன். கலரெல்லாம் திரைக்குக் குடுத்துட்டாங்க. வெறுமைக்கு எந்தக் கலரும் பூசல. "இங்க பாருங்க"ன்னு சொல்ல மட்டும் நாலு இலை. வடலூர்ல வள்ளலார் கட்டின சத்திய ஞான சபையிலயும் (1872-ல திறந்தது) கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்புன்னு ஏழு திரை. அங்க விலக்கினா ஜோதி தெரியும். அது வெறுமை இல்ல, வேற விஷயம். ஆனா அங்கயும் கலர் திரையிலதான் இருக்கு.

"சரிப்பா, விண்வெளி கருப்புதானே"ன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். அது காலி இடம்தான், ஒண்ணுமில்லாதது இல்ல. தூசி, கதிர், ஈர்ப்பு எல்லாம் அங்க உண்டு. வானம் பூரா ஒரு மிச்ச வெளிச்சமும் நெறஞ்சு கிடக்கு. பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1960-கள்ல ஆன்டெனாவுல பிடிச்சது, 2.7 கெல்வின் குளிர்ல இருக்கு, நம்ம கண்ணுக்கு எட்டாது. அந்த வெளிச்சம் கிளம்பினப்ப பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் 3,80,000 வருஷம், சூடு சுமார் 3,000 கெல்வின். அப்ப ஒரு கண்ணு இருந்திருந்தா, எங்க திரும்பினாலும் வானம் ஆரஞ்சா தகதகன்னு இருந்திருக்கும். டிவியில "ஆதியில எல்லாம் ஒரே கருப்பு"ன்னு கனத்த குரல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவம் வருது. எவ்வளவு அழகான ஆரஞ்சை மறைச்சுட்டீங்க!

கடைசியா என் சொந்த அனுபவம் ஒண்ணு. குடல்வால் ஆபரேஷனுக்கு எனக்கு மயக்க மருந்து குடுத்தாங்க. மேல லைட் தெரிஞ்சுது. நர்ஸம்மா ஏதோ கேட்டாங்க. அடுத்தது வேற ரூம், மனைவி பக்கத்துல உக்காந்திருக்கா. நடுவுல மணிக்கணக்கு ஓடியிருக்கு. அந்த நேரம் என்ன கலர்ல இருந்துச்சுன்னு நான் ரொம்ப யோசிச்சுப் பாத்திருக்கேன். கருப்பு இல்ல. தூக்கத்துலயாவது எழுந்ததும் "இவ்வளவு நேரம் தூங்கிட்டோமே"ன்னு ஒரு உணர்வு இருக்கும். இதுல அதுவும் கிடையாது. லைட்டுக்கும் மனைவி முகத்துக்கும் நடுவுல இடைவெளியே இல்ல, ரெண்டையும் ஒட்டித் தச்சிருக்கு. பயமா இருந்துச்சான்னு அம்மா கேட்டாங்க. பயப்பட அங்க நான் இருந்தாத்தானே?

அதனால என் முடிவு இது. ஒண்ணுமில்லாததை ஒரு கலரா கற்பனை பண்ணவே முடியாது. பண்ற ஒவ்வொரு தடவையும் நாம ஸ்க்ரீனையோ, பேப்பரையோ, நம்ம கண்ணோட சாம்பலையோதான் பாக்குறோம். ஆனா கலர் இல்லாம அதைக் கவனிக்க முடியும். தலைக்குப் பின்னாடி இருக்கிறதை இப்பக் கவனிச்சீங்களே, அந்த மாதிரி.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பிள்ளைங்க என்னைக்காவது இந்தக் கேள்வியோட வந்தா, "கருப்பு, போய்ப் படி"ன்னு அனுப்பிராதீங்க. பக்கத்துல உக்கார வச்சு, ஒரு கண்ணை மட்டும் மூடச் சொல்லி, மூடின கண்ணுல என்ன தெரியுதுன்னு கேளுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.